மங்கி குல்லாவுக்குள் ஐஸ்

தொண்ணூறுகளின் கடைசியில், தென் கல்கத்தாவில் தமிழர்கள் நடத்திய ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். நோட்ஸ் சொல்லி எழுத வைத்து, அதையே பரீட்சையில் திருப்பி வாங்குவது எனக்கு அறவே பிடிக்காது. ஒரு கோடைப் பயிற்சியில் கற்ற வழி வேறு. என்ன நடக்கும் என்று முதலில் பிள்ளைகளே சொல்லிக் கை தூக்க வேண்டும். பிறகு செய்து பார்த்து, ஏன் என்று அவர்களே சண்டை போட வேண்டும். சண்டை என்றால் சத்தம் வரும். பக்கத்து வகுப்பில் புகார் செய்தார்கள்.

தலைமை ஆசிரியை கல்கத்தாவிலேயே, லேக் கார்டன்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"நாளைக்கு வந்து உக்கார்றேன். வெறும் கூச்சல்தான்னா, திங்கக்கிழமைலேர்ந்து நோட்ஸ்தான். சரியாம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்ஸ் வாசிக்கவா தினமும் ஹவுராவிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருகிறேன்?

அப்போது டிசம்பர். கல்கத்தாவில் காற்று லேசாக மாறினாலே கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி குல்லா எல்லாத் தலையிலும் ஏறிவிடும். அதில் நம்மவர்கள் வங்காளிகளுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்களில்லை. மறுநாள் தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் கொண்டுபோனேன். இரண்டு கட்டிகளைத் தனித்தனி பாலிதீன் பையில் போட்டு, ஒன்றை மேசையில் அப்படியே வைத்தேன். மற்றதை ஒரு பையனின் குல்லாவில் சுற்றினேன்.

"எது முதல்ல உருகும்?"

"குல்லாவுல இருக்கறதுதான் மிஸ்! டுபி சூடாச்சே!"

குல்லாவுக்கு வங்காளியில் டுபி. வகுப்பே கை தூக்கியது. கடைசி பெஞ்சில், காதை மூடி மஃப்ளர் கட்டியிருந்த தலைமை ஆசிரியையும் தூக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பீரியட் முடிகிற நேரம் மேசையிலிருந்தது தண்ணீராகியிருந்தது. குல்லாவைப் பிரித்தால் ஐஸ் கல் மாதிரி இருந்தது. வகுப்பு போட்ட கூச்சலில் கூரை பறந்தது.

"இது பழைய குல்லா மிஸ், சூடு தீர்ந்து போச்சு!"

"இன்னும் ரெண்டு குல்லா போட்டிருக்கணும்!"

ஒரு சிறுமி மட்டும் மெதுவாக, "வெளியில இருக்கற சூட்டை அது உள்ள விடலையோ?" என்றாள். அவள்மேல் நாலு பேர் பாய்ந்தார்கள். அந்தக் குட்டிகளை அப்படியே வாரி அணைக்கலாம் போலிருந்தது. ஆனால் பக்கத்து வகுப்பு டீச்சர் கதவில் வந்து நின்றுவிட்டார். போச்சு, இனி நோட்ஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை எழுந்து மேசைக்கு வந்தார். மீதி ஐஸை விரலால் அழுத்திப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"இதை ஒத்துக்க முடியாதும்மா. குல்லாவுக்குள்ள வச்ச கட்டி கொஞ்சம் பெருசு. நான் பாத்துண்டேதான் இருந்தேன்."

"ஒரே ட்ரேல உறைஞ்சது மேடம்."

"இருக்கட்டும். திங்கக்கிழமை மறுபடியும் பண்ணு. ஐஸ் நான் கொண்டு வரேன்."