அவர் வெளியே வந்த பிறகு

என் கணவர் விடுதலையாகப் போகிறார் என்று எனக்குச் சொன்னது, அன்று அவர்மேல் நான் கொடுத்த முறைப்பாட்டை எழுதிய பெண் பொலிஸ்தான். சிங்களப் பிள்ளை. என் கையை முறித்ததற்காக அவர் சிறைக்குப் போனதும், நான் மகளோடு கொட்டாஞ்சேனையை விட்டு, கொழும்பின் மறுகோடியில் உள்ள வெள்ளவத்தைக்கு வந்திருந்தேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை அவர் வெளிய வாறார்," என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். "கிட்ட வரக்கூடாது எண்டு கோட் ஓடர் இருக்குதானே? கொப்பி எடுத்து ஸ்கூலுக்குக் குடுங்க, கீழ் கடைக்கும் குடுங்க. ஒளிக்க வேணாம். வெட்கம் உங்களுக்கு இல்ல, அவருக்கு."

சொல்வது சுலபம். எங்கள் வீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணருக்கு, மூன்று வருடமாக நான் வெளிநாட்டில் புருஷன் உள்ளவள். அந்தப் பொய்யை என் வாயாலேயே அவிழ்த்து, நீதிமன்றக் கட்டளையையும் கணவரின் படத்தையும் நீட்டினேன். நானா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

எந்தச் சொந்தம் விலாசத்தைக் கொடுத்ததோ, வெளியே வந்த இரண்டு கிழமைக்குள் என் கணவர் வீடு தேடி வந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றபோது நானா தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, ஊட்டுக்கு வர வாணாம். அவரு இங்க கடையிலதான் ஈக்காரு. பொலிசுக்கு சொல்லிட்டன்."

மகளோடு திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். வகுப்பாசிரியை எங்களை நூலகத்தில் இருத்திக் கதவைச் சாத்தினார். மகள் படக்கதை வாசித்தாள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் கண்ணில் பதியவில்லை.

பொலிஸ் வரும்வரை நானா அவரைக் கடைக்குள் இருத்தி, பால் விடாத பிளேன்டி கொடுத்து, கிரிக்கெட் கதைத்திருக்கிறார். கட்டளையை மீறியதற்காக மறுபடி வழக்கானது. இப்போது அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். மாதாமாதம் அங்குள்ள பொலிசில் கையெழுத்து வைக்கிறார்.

அவர் பிடிபட்ட அன்று பின்னேரம் நானாவிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"கத்துவாரு, ஏசுவாரு எண்டு நெனச்சன்," என்றார் நானா. "நல்ல மனுசன் மாதிரி சிரிச்சிச் சிரிச்சிக் கதச்சாரு. அதுலதான் எனக்குப் பயம் வந்திச்சு."

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை என் சொந்தங்களில் ஒருவர்கூட நம்பியதில்லை. அரை மணித்தியாலத்தில் அதைக் கண்டுகொண்ட மனிதரின் கடைக்கு மேலேதான் இன்றும் குடியிருக்கிறேன்.