பார்க்காத பூவுக்கு விவரம் எழுதிய கதை

செடியைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் என் தொழில்; அதைவிடச் சுலபமான தொழிலும் கிடையாது, அதைவிடச் சண்டைக்கு இழுக்கும் தொழிலும் கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் விதையும் நாற்றும் விற்கும் ஒரு குஜராத்தி சேட்டின் கடையில் எனக்கு வேலை. தாவரவியல் படித்தவள் என்பதால், அவர் அச்சிடும் விலைப்பட்டியலில் ஒவ்வொரு செடிக்கும் விவரம் எழுதி, அடியில் என் பெயரைப் போடுவேன். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மலைத்தோட்டக்காரர்கள் ஆர்டர் அனுப்புவார்கள். உள்ளதைச் சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் மற்றது புரியும்.

மணம்

சேட்டின் மைத்துனர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்தார். அங்கே உயர்ந்த மலைகளில் வளரும் ஒரு குத்துச்செடியின் விதையை அனுப்பிவைத்தார். பூ மஞ்சள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது என்று ஒரு கடிதமும் வந்தது. விதை கடைக் கொல்லையில் முளைத்து இடுப்பளவு வளர்ந்தது. எழுத உட்கார்ந்தேன்: பட்டை சிவந்த பழுப்பு, உரியும். இலை ஒடுக்கம், காம்பு இல்லை, எதிரெதிராகத் தண்டைத் தழுவி நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள்.

கசக்கி மோந்தால் மசாலா வாசனை. எழுதப் போனவள் நிறுத்திவிட்டேன். பக்கத்துக் கிடங்கில் மிளகு, எதிர்க் கிடங்கில் சுக்கு; மட்டாஞ்சேரியில் எதைக் கசக்கினாலும் அந்த வாசனைதானே வரும்! ஒரு கிளையை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு தோப்பும்படிக்குப் போனேன். அங்கே திறந்தால் மீன் வாசனை. கடைசியில் பள்ளுருத்தியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில்தான் இலை தன் சொந்த வாசனையைக் காட்டியது. மசாலாவேதான். மறுநாள் இதைக் கேட்ட கடைத் தோட்டக்காரர் வறீது சேட்டன் (சேட்டன் என்றால் மலையாளத்தில் அண்ணன்) தலையில் கைவைத்துக்கொண்டார்: "எண்டெ மோளே, இலை மணக்க பஸ்ஸு ஏறிப் போன ஆளை நான் இன்னிக்குத்தான் காணறேன்!"

ஒரு வரி

பூ வரவே இல்லை. மழை போய் வெயில் வந்து, மறுபடி மழை வந்தும் மொட்டைக் காணோம். குளிர்ந்த மலையில் பிறந்த செடிக்குக் கொச்சிப் புழுக்கம் எப்படிப் பிடிக்கும்? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காணாததைக் காணவில்லை என்றே எழுதலாம், அதில் குறைவில்லை. 'பூ: பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

'ஆண்டு முழுவதும் மஞ்சள் பூ, கொச்சி வீடுகளுக்கு ஏற்றது' என்று மாற்றச் சொன்னார் சேட். மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குஜராத்தியில் சகோதரியைச் சொல்லும் 'பென்'னை என் பெயரோடு சேர்த்து, நிதானமாகக் கேட்டார்: "சாரதாபென், பூவை நீ பாக்கலேன்னு எழுதினா, செடியை எவன் பாக்கும்?"

படம்

சேட் விடவில்லை. சினிமா பேனர் எழுதும் திருநெல்வேலி ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்து அட்டைக்குப் படம் போடச் சொன்னார். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சூரியகாந்தி வந்து நின்றது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தப்பு என்று எப்படிச் சொல்ல? பூவைப் பார்க்காதவள் நானும்தானே! "இதைப் பார்த்தா வரைஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆப்பிரிக்காப் பூவுன்னாக்க யக்கா, நம்ம ஊரு அளவுலயா இருக்கும்? அதான் தாராளமாப் போட்டேன்."

நாற்காலி

படத்தோடு தன் வரியையும் சேர்த்து, அடியில் என் பெயரையும் போட்டு அச்சுக்கு அனுப்பப் பார்த்தார் சேட். தாளைப் பிடுங்கி என் பெயரை அடித்தேன். "பூ உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்னுடையது" என்றேன். அப்படியானால் நாளை முதல் வரவேண்டாம் என்றார்.

அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட் போக மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினேன். ஆனாலும் மறுநாள் வழக்கம்போலப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த செடிக்கு விவரம் எழுதத் தொடங்கினேன். சேட் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். என் பெயர் இல்லாமல் பட்டியல் விலைபோகாது என்பது இருவருக்கும் தெரியும். வறீது சேட்டன் பூவாளியோடு நடுவில் வந்து நின்றார்: "சேட்ஜி, இவளை இறக்கணும்னா கசேரையோடதான் தூக்கணும். எனக்கு முதுகுவலி."

மலை

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொடுத்த நாற்று பூத்துவிட்டதாகத் தகவல் வந்தது. "இப்ப எழுதலாமே?" என்றார் சேட். "நான் பார்க்கவில்லையே" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

மூடுபனியில் நின்றது செடி. கிளை நுனிக்கு ஒரு பூ. ஐந்து இதழ், நடுவில் கொத்துக் கொத்தாக மகரந்தத் தாள்கள், மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன், அழுகையும் வந்தது. திரும்பிவந்து எழுதினேன்: 'பூ: மலையில் பார்த்தேன். கொச்சியில் பார்க்கவில்லை.' சேட் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்: "ஒரு வரி எடுக்கச் சொன்னா, ரெண்டு வரி ஆக்கிட்டியே, பென்!"

மாமி

சூரியகாந்திப் படம் இல்லாமல், பட்டியல் நான் எழுதியபடியே என் பெயரோடு அச்சேறியது. முதலில் வந்தவர் இடப்பள்ளி வக்கீல் வீட்டு மாமி. நாற்றைக் கையில் எடுத்தார். "மாமி, கொச்சியில் பூக்குமா தெரியாது" என்றேன், சேட் காதில் விழும்படி. மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "பூக்காதுன்னு நீ எழுதலையே, பார்க்கலைன்னுதானே எழுதியிருக்கே? எங்காத்துல பூக்க வெச்சு உன்னைக் கூட்டிண்டு போய்க் காட்டறேன், அன்னிக்கு உன் கையாலேயே அந்த வரியை அடிக்கணும்!"

மாமி கூப்பிட்டால் அன்றே போகத் தயாராகத்தான் இருந்தேன்; ஆனால் மாமி, நான், செடி என்று எங்கள் மூன்று பேரில் அந்தச் செடிதான் பெரிய பிடிவாதக்காரி, நான் வேலையை விட்டு ஓயும்வரை அந்த வரியை அடிக்கவே விடவில்லை.