போடாதடி கையெழுத்து

எங்கள் ஊருக்கும் பாகூருக்கும் நடுவில், அறுவடை முடிந்த வயலில் ஒரு டூரிங் கொட்டாய் வந்து நிற்கும். கீற்றுக் கூரை, மணல் தரை, ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் இடுப்பளவு தட்டி. படம் காட்டும் மிஷின் ஒன்றே ஒன்று. அதனால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். இருட்டில் படம் பார்ப்போம், வெளிச்சத்தில் அதைப் பற்றிப் பேசுவோம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத எனக்கு அந்த வெளிச்சத்துப் பேச்சுதான் அதிகம் பிடிக்கும்.

எழுபதுகளில் ஒரு படம் வந்தது. பெயர் மறந்துவிட்டது. பெரிய பங்களா, செத்துப்போன அப்பா, அவர் விட்டுப்போன சொத்து. அண்ணன்காரன் தங்கையைப் பேய் காட்டி மிரட்டி அவள் பங்கையும் எழுதி வாங்கப் பார்க்கிறான். எடுத்தவர்கள் ஏழைகள் என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தினால் சுவர் ஆடியது. பேயின் வெள்ளைத் துணிக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிந்தது. தங்கச்சி எந்த அறைக்குப் போனாலும் வாய் உடைந்த அதே பூச்சாடி அவளுக்கு முன்னால் போய் நின்றது.

"பேய்க்கு முள்ளு குத்துமாடா, செருப்பு போட்டுனு வருது?" என்றது ஆண்கள் பக்கம்.

"அந்தச் சாடியத் தூக்கினு ஓடுறான் பாரு ஒருத்தன், அவனுக்குத்தான்டி இந்தப் படத்துல கஷ்டம்," என்றாள் என் பக்கத்தில் இருந்த அக்கா. பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது.

அக்கா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. மடுகரையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். புருஷனுக்கு ஒரு கால் இழுக்கும், பாதி நாள் வேலைக்குப் போக முடியாது. இவள்தான் நடவு, களையெடுப்பு என்று அடுத்தவர் நிலத்தில் குனிந்தே கிடப்பாள். அவளுடைய அப்பா இறந்ததும் அவர் நிலத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிட்டது. அந்தப் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து எழுதித் தர மறுநாள் அவனோடு பதிவு ஆபீசுக்குப் போக வேண்டும். இது ஊருக்கே தெரியும்.

பேய் போய், அண்ணன்காரன் பத்திரத்தோடு வந்தான். தங்கச்சி கையில் பேனாவைத் திணித்தான். அதுவரை சிரித்த கொட்டாய் கொதித்துப்போனது. ஆண்கள் பக்கத்திலிருந்து அவன் முகத்துக்கு மணலை வாரி வீசினார்கள். பெண்கள் எழுந்தே நின்றுவிட்டோம்.

"போடாதடி!"

"அவன் கண்ணப் பாருடி, முழுங்கிடுவான்!"

எங்கள் எல்லோரையும்விடப் பெரிய குரல் அக்காவுடையது. "போடாதடி கையெழுத்து! உங்கப்பன் சம்பாதிச்சதுடி!"

சரியாக அங்கே ரீல் முடிந்து விளக்கு வந்தது. அவள் கை நீட்டியபடியே நின்றிருந்தாள்.

பின்னால் இருந்த ஒரு பெரியம்மா கேட்டது, கேலியாகத்தான் கேட்டது: "அவளுக்கு இவ்ளோ சொல்றியே, நாளைக்கு நீ இன்னாடி பண்ணப் போற?"

அக்கா உட்கார்ந்தாள். மடியிலிருந்த மல்லாட்டையை உடைத்து எனக்கும் நாலு கடலை கொடுத்தாள்.

"பெரியம்மா, எம்பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு நாள் குறிச்சாச்சு. மாமன் தட்டு இல்லாம அவளைப் பந்தல்ல ஒக்கார வெக்கச் சொல்றியா? நெலத்துல பங்கு கேட்டவ வூட்டுக்கு எந்த அண்ணன் மேளத்தோட சீர் எடுத்தாந்தான்?"

"தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறடி."

"வாயும் வயிறும் வேறதான். பொறந்த வூடு ஒண்ணுதான."

பெரியம்மாவுக்குச் சொல்லத் தெரிந்த பழமொழிகள் எக்கச்சக்கம். ஆனால் பெரியம்மாவும் பிறந்த வீட்டுப் பங்கை எழுதிக் கொடுத்ததுதான். எங்கள் பக்கம் இருந்தவர்களில் பாதிப்பேர் கொடுத்தவர்கள். மீதிப்பேருக்குக் கொடுக்க ஒன்றும் இருந்ததில்லை.

விளக்கு அணைந்தது. படத்துத் தங்கச்சி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். சினிமா அண்ணனைப் போல மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் எங்களுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும். சைக்கிள் கேரியரில் வாழைத்தார் கட்டிக்கொண்டு வந்தார். "நல்லா கீறியாம்மா?" என்று என்னையும் விசாரித்தார். மச்சான் காலுக்கு என்று ஒரு எண்ணெய்ப் புட்டி கொண்டுவந்தார். தங்கச்சி போட்ட மீன்குழம்பை ரசித்துச் சாப்பிட்டார். அவரும் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர். வாங்குவதும் வழக்கம், கொடுப்பதும் வழக்கம் என்று நம்பியவர். நல்லவன் முகத்தில் எந்த மணலை வீசுவது?

முந்தைய நாள் எழுந்து நின்று கத்திய பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றிருந்தோம். அக்கா பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். நான் வாயைத் திறந்தேன். "பாத்துப் போயிட்டு வாக்கா" என்றுதான் வந்தது. பெரியம்மா தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாலையில் திரும்பியவளின் கட்டை விரலில் மை இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "அண்ணன் பெரிய மேளமா சொல்றேன்னுது" என்றாள். சொன்னபடியே மேளத்துக்கு ஏற்பாடு செய்தார். மாமன் தட்டுகள் வந்த வரிசையை ஊரே பார்த்தது. அதற்கு அடுத்த வாரம் அக்கா எப்போதும்போல அடுத்தவர் வயலில் களையெடுக்கப் போனாள்.

கொட்டாயில் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டபோது அவளே என்னைக் கூப்பிட்டாள். "வாடி, அந்தச் சாடியப் பாத்துட்டு வரலாம்."

பேனாவை எடுத்த இடத்தில் ஆண்கள் பக்கம் போன முறைபோலவே கத்தியது. மணல் பறந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

"கத்துறானுங்க பாரு," என்றாள் அக்கா, மெதுவாக. "போட்டுடுவா. போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போவா. அங்க சாடி இருக்கும், பாரேன்."

விளக்கு வந்து, போய், அடுத்த ரீல் ஓடியது. சாடி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.