பட்டாணிக்குக் கீழே

எங்கள் தொழிற்சாலையில் பெண்களுக்கான பிரா தைக்கிறோம். தைத்து வந்ததைச் சோதிக்கும் மேசையில் எக்ஸ்ரே அக்கா. பக்கத்து மேசையில் நான். பஞ்சு வைத்த கப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், உள்ளே சுருண்டு கிடக்கும் நூல் முடிச்சு அவளிடம் அகப்பட்டுவிடும். பெயர் வந்தது அப்படித்தான். சூப்பர்வைசருக்கே அவளிடம் கொஞ்சம் பயம்.

முடிச்சு பட்டாணியை விடப் பெரிதாக இருந்தால் கழித்துவிட வேண்டும். சின்னதாக இருந்தால் பாஸ். இது எங்கள் சட்டம்.

அக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருஷம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், அதுவும் பிள்ளைகள் விட்டால். ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மத்தியானம் நாங்கள் ஊர்வம்பு பேசினால் சிரிப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். அழுத்தக்காரி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

போன வாரம் மார்பகப் பரிசோதனை வண்டி வாசலுக்கு வந்தது. நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் போக வேண்டுமாம். ஜோடி ஜோடியாக, கூச்சத்தை மறைக்கக் கேலி பேசிக்கொண்டு வரிசையில் நின்றோம். அக்கா மட்டும் தனியாக, எனக்கு முன்னால். அவள் உள்ளே போனதும் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு திரைதான். பேச்செல்லாம் கேட்டது.

"இடது பக்கம் கட்டி இருக்கேக்கா. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் நர்ஸ்.

"தெரியும். ஆறு மாசமா இருக்கு. பட்டாணியை விடச் சின்னதுதானே, வலியும் இல்ல. பாஸ்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் திரையைப் பிய்த்திருப்பேன். துணிக்குப் போட்ட சட்டத்தை உடம்புக்குமா போடுவாள் ஒருத்தி!

"சின்னதா இருக்கும்போதே காட்டணும்க்கா. வலிக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. எல்லாக் கட்டியும் கேன்சர் இல்ல, ஆனா ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆறு மாசமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? இப்பதான் உங்ககிட்ட சொல்றேன்."

பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டை நான்காக மடித்தாள்.

"நாளைக்கு நான் கூட வர்றேன்க்கா," என்றேன்.

என்னை விளங்காமல் பார்த்தாள். "எதுக்கும்மா? உனக்கு ஒரு நாள் லீவு வீணாப் போயிடுமே."