தேடுவதை நிறுத்திய நாள்

செம்மேட்டிலிருந்து கீழே இறங்கும் காலை பஸ்ஸில் அன்று ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அது வக்கீலுக்குப் பக்கத்து இடம். அவர் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டார். நான் உட்காரவில்லை. என்னோடு கோர்ட்டுக்கு வந்த அம்மாவை முன்னால் யாரோ எழுந்து உட்காரவைத்தார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு சாய்ந்து நிமிர்ந்து, அடிவாரம்வரை நின்றுகொண்டே போனேன். என் அண்ணனைக் கொன்றவனுக்காக வாதாடப்போகிறவர் பக்கத்தில் எப்படி உட்காருவது?

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். நான் மலையிலேயே ஒரு பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணன் மலையில் எங்கள் ஊர்ப்பக்கமான வாழவந்தி நாட்டில் எங்கள் மிளகுக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. தேடிப்போனவர்கள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே வெட்டுப்பட்டுக் கிடந்தவனைத்தான் கண்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அவனுக்கும் எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தை வைத்து வாய்ச்சண்டை நடந்தது ஊருக்கே தெரியும். மறுநாளே போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தபோது, அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

வக்கீல் நாமக்கல் பக்கத்து ஆள். மனைவி இறந்த பிறகு, யாரும் இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மலைக்கு வந்து, கடை ஒன்றின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரருக்கு வக்கீல் வைக்க ஆளில்லாததால் கோர்ட்டே இவரை நியமித்தது. முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கப்புறம் டீக்கடைக்காரர் அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெண் அவருக்குத் தண்ணீர் எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள். அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதை நான் பள்ளிக்குப் போகும் வழியில் பார்ப்பேன். சந்தோஷமாக இருக்கும்.

வழக்கு நடந்தபோது பக்கத்துக் காட்டுக்காரரால் கூண்டில் நிற்க முடியவில்லை. நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள் என்று ஜெயில் டாக்டர் சாட்சி சொன்னார். வெட்டிய அரிவாளைக் காட்டிலிருந்து அவரே போலீசுக்கு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட சாட்சியிடம் வக்கீல் குரலை உயர்த்தாமல் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். “நீங்க காட்டுக்குப் போனீங்களா?” கடைசியில் அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு, “இல்லீங்க, ஸ்டேஷன்லயேதான் காட்டுனாங்க” என்றார். தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்க எந்த மனிதனையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்வதை வக்கீல் அன்று எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் அண்ணனை மட்டும் கேட்டுவிட்டா வெட்டினார்கள், அவனுக்கு எந்தச் சட்டம் என்றுதான் தோன்றியது.

பக்கத்துக் காட்டுக்காரரை விடுதலை செய்துவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் அம்மா மண்ணை வாரி வக்கீல்மேல் தூற்றினாள். “எங்கூட்டு வெளக்க அணைச்சவனுக்கு வெளக்கேத்தி வெச்சுட்டயா சாமி? நல்லாரு!” என்று கத்தினாள். மண் அவருடைய கறுப்புக் கோட்டிலும் தலையிலும் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அம்மா ஓயும்வரை எதிரிலேயே நின்றார்.

சில மாதங்கள் கழித்து ஒரு மழை நாளில் நான் அந்த மாடிப்படி ஏறினேன். அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சட்டப் புத்தகங்கள். வேறெதுவும் இல்லை. உட்காரச் சொன்னார். நின்றபடியே கேட்டேன்.

“அப்ப எங்கண்ணனைக் கொன்னது யாருங்க?”

“தெரியலைங்கம்மா” என்றார். “இதை யாராச்சும் வந்து கேப்பாங்கன்னுதான் இருந்தேன். இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலை.”

“அவரு செய்யலைங்கறதாச்சும் உங்களுக்குத் தெரியுமா?”

“அதுவும் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கற வழியைத்தான் அடிச்சே மூடிட்டாங்களே. அடி தாங்காம அந்த மனுசன் ‘ஆமா’ன்னு சொன்ன அன்னிக்கே அவங்க தேடறதை நிறுத்திட்டாங்க. கொலை நடந்த அன்னிக்கு அந்தப் பக்கம் யார் போனா, யார் வந்தான்னு ஒரு ஆளைக்கூட விசாரிக்கலை. ரெண்டு மழையில தடமெல்லாம் போயிருச்சு. குற்றவாளிக்கு எதுக்கு உரிமைன்னு எல்லாரும் கேக்கறாங்க. குற்றவாளி யாருன்னு தெரியறதுக்குத்தானுங்கம்மா அந்த உரிமையே. அந்த மனுசனை அடிச்ச அடி உங்கண்ணன் மேலயும்தான் விழுந்துச்சு.”

அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதல் ஏற்படவில்லை. அதுவரை வெறுப்பதற்காவது ஓர் ஆள் இருந்தார். படியிறங்கி வந்தபோது அவரும் இல்லை.

மறுபடி விசாரிக்கக் கேட்டு அவரே எனக்கு மனு எழுதிக் கொடுத்தார். எத்தனையோ முறை என்னோடு கீழே வந்து, அலுவலக வராந்தாக்களில் காத்திருந்தார். போலீசுக்கு ஆளும் வசதியும் கொடுத்து, அடிக்காமல் துப்பறியப் பழக்க வேண்டும் என்பார். கைதானவனுக்கு முதல் நாளே வக்கீல் கிடைத்தால் பாதி வழக்குகள் நேராகிவிடும் என்பார். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன். நானும் பல சமயம் சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்துவாள். சாப்பிட வா என்று கூப்பிட மாட்டாள். வருஷக்கணக்காக அப்படியே இருந்தாள். பள்ளி விடுமுறை நாட்களில், ஒரு மனிதக் குரல்கூட என்னை நோக்கி வராமல் பொழுது போய்விடும்.

புதிய ஆதாரம் ஏதும் இல்லை என்று பதில் வந்தது. வக்கீல் இன்னொரு மனு எழுத ஆரம்பித்தார். அதற்குள் உடம்பு முடியாமல் போக, மகள் வந்து அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனாள். அவர் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. மாடி அறையில் உரச்சாக்கு அடுக்கியிருந்தார்கள்.

அம்மா அதற்கடுத்த வருஷம் இறந்தாள். உறவுக்காரர்கள் வாசலில் கூடியிருந்தபோது வேலிக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். விடுதலையானதும் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர். அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்தான். தலை நரைத்திருந்தது. நான் அருகில் போனேன்.

“அக்கா மூஞ்சிய ஒருக்காப் பாத்துக்கட்டுமா கண்ணு?” என்றார்.

வாங்க என்றேன். அவர் உள்ளே வந்ததும் உறவுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பாதத்தை முழுதாக ஊன்ற முடியாமல் விந்தி விந்தி நடந்தார். அம்மாவின் தலைமாட்டில் சிரமப்பட்டுக் குனிந்து, காதுக்குப் பக்கத்தில், “நான் இல்லீங்கக்கா” என்றார். அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நம்பவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய்க்கரிசித் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் ஒரு பிடி அரிசி அள்ளினார். மறுபடி குனிந்து அம்மாவின் வாயில் போட்டார்.