பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பதினைந்து மணி நேரம்

மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெளியூர் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேரும்வரை அம்மா வீடு கூட்ட மாட்டாள். பழனிக்கு என்றால் மத்தியானம் விளக்குமாற்றை எடுப்பாள். மதுரைக்கு என்றால் சாயங்காலம். அக்கா லண்டனுக்குக் கிளம்பியபோதுதான் அவளுக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

அக்கா ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊர் திரும்பியபோது குழந்தை அவளை விட மாட்டேன் என்று அழுததால், கூடவே அழைத்துப் போனார்கள். இரண்டு வருஷத்தில் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. புதன்கிழமை மலையிறங்கி, ரயிலில் பம்பாய் போய், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விமானம்.

"நீதான் படிக்கிறியே, எப்பப் போய்ச் சேருவான்னு சொல்லு. வீடு குப்பையாக் கெடக்கு," என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அப்போது ஒன்பதாவது. வகுப்பில் இருந்த பூகோள உருண்டையில் பம்பாய்க்கும் லண்டனுக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தேன். நாலாயிரத்து ஐந்நூறு மைல் வந்தது. விமானம் மணிக்கு முந்நூறு மைல் போகும் என்றார் டீச்சர். வகுத்தேன்.

"பதினஞ்சு மணி நேரம்மா. ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது மணிக்குக் கூட்டிரு."

சர்ச் மணி ஒன்பது அடித்ததும் அம்மா நாலு நாள் தூசியையும் தைலமரச் சருகையும் கூட்டித் தள்ளினாள். பிறகு தெருக்குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள்: "எம் மக சொன்ன நேரத்துக்கு மூத்தவ எறங்கிட்டா."

"ஆமா, ஏரோப்ளேன் ஓட்டுறவன் ஒம் மகளக் கேட்டுக்கிட்டுத்தான் எறக்குவானாக்கும்!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்வதை அந்த வீட்டுத் துரைசாணியம்மா இங்கிலீஷில் எழுதியிருந்தார். அக்காவின் பேச்சு அதில் எங்கே என்று தேடித்தேடி நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வரி. விமானம் வழியில் நாலு இடத்தில் இறங்கியது, ஒரு பாலைவன ஊரில் இயந்திரம் பழுதாகி ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், திங்கட்கிழமைதான் போய்ச் சேர்ந்தோம் என்று. அந்த வரியை நான் தாண்டிவிட்டேன். வீட்டில் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டு வருஷம் ஆனது. குழந்தை இன்னும் சின்னது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும் என்று கடிதம் வந்தது. அம்மா அதை மடித்து வைத்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து பழையதை எடுத்து நீட்டினாள்.

"மொதக் காயிதத்தப் படி. அதுலயாச்சும் அவ இப்பத்தான் இங்கேருந்து போயிருக்கா."

இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தேன்.

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நான் கூட்டும்போது அவ வழியிலயா கெடந்தா?"

"ஆமாம்மா. எனக்கு அப்பவே தெரியும்." திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அங்க சாப்பிட்டாளாமா?"

"அது எழுதலைம்மா."

"கேட்டு எழுது."

அன்றைக்கே எழுதினேன். அந்த விமான நிலையத்தில் என்ன சாப்பிட்டாய், யார் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில். தபால்காரரிடம் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மா கேட்டாள், இந்தக் காயிதம் அவள் கைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று.

"தெரியலைம்மா," என்றேன்.