தேறாதவர்களின் பட்டியல்

வெள்ளிக்கிழமை காலை பேப்பரை விரித்தபோது தெங்கேராவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "சின்னத்துரை ஐயா போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சுவலி. ஊரடங்கு இருக்குல்ல, நாலு மணிக்குள்ள எடுத்துடுவாங்க. வெரசா வாங்க" என்றார். நான் பேப்பரை மடித்து அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவர் மகள் செல்வமலர் கேட்டாள். என்னைவிட அவரை நெருங்கி அறிந்தவர்கள் உங்களில் பலர் உண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைபடம் தீட்டியவர். பொறியியல் படிக்க ஆசைப்பட்டு, வழியில்லாமல் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்குக் கப்பலேறியவர். எந்தக் கலாசாலையில் விஞ்ஞானம் நன்று, எங்கே பொறியியல் பலம் என்று விசாரிப்பதே அவருக்கு இன்னொரு உத்தியோகமாக இருந்தது. பிள்ளையை மேலே படிக்கவைக்க நினைத்தவர்கள் அவரைத் தேடிப் போவார்கள். "தேறினவன் தன்ரை கலாசாலையைத் தாயைப்போலப் புகழுவான், அண்ணை. பெயில் விட்டவனைத்தான் கேக்க வேணும்" என்பார். தேறாமல் திரும்பியவர்களின் பெயர், ஊர், அவர்கள் சொன்ன ஒரு வரி ஆகியவற்றைக் கறுப்பு நோட்டு ஒன்றில் கலாசாலைவாரியாகக் குறித்துவைப்பார்.

அந்த நோட்டால் ஒருமுறை வம்பு வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் தொடங்கிய புதிது. ரெம்பியா சாலைத் தடுப்பில் பஸ்ஸை நிறுத்திய தமிழ்க் காவலர், "பேரு?" என்று கேட்டிருக்கிறார்.

"சின்னத்துரை."

"எந்த எஸ்டேட்டு சின்னதொரைங்க?" தோட்டத்து உதவி மானேஜர் என்று நினைத்துவிட்டார்.

"எஸ்டேட் இல்லைத் தம்பி, பேர்தான்."

"பேருதானா? நான் சல்யூட் அடிச்சிட்டேன்லா."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பைக்குள் நோட்டு அகப்பட்டுவிட்டது. முப்பது நாற்பது பெயர்கள், ஊர்களோடு. அந்த நாளில் அப்படியொரு பட்டியல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலவரி அலுவலகத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், என்ற பழைய மதிப்பில் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். "எல்லாரும் சோதினையிலை பெயில் விட்ட ஆக்கள், ஐயா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி நோட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பார்த்தால் நானும் அதில் சம்பந்தப்பட்டவனாகிவிடுவேனோ என்று பயம். "நல்ல மனிதர்" என்று மட்டும் சொன்னேன். மாலைக்குள் விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு செல்வமலர் பௌதிகம் படிக்க இரண்டு இடங்களில் அனுமதி பெற்றாள். ஒன்று சிங்கப்பூரில், புதிது. மற்றது கடல் கடந்து போக வேண்டிய பழைய கலாசாலை, பெயர் வேண்டாம். சின்னத்துரை என்னிடம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டின் விவரப் புத்தகங்களையும் வைத்து, பேராசிரியர்கள், பாடங்கள், ஆய்வுக்கூடம், நூலகம் என்று கோடு கிழித்துக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் பழையதே மேலாக நின்றது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அண்ணை, அங்கை போய்த் தேறாமல் வந்த ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

என்னை இந்த ஊரில் பி.ஏ. கிராணியார் என்பார்கள். என் காலத்தில் விஞ்ஞானத்துக்கும் பி.ஏ.தான். நான் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, மறுத்ததும் இல்லை. நான் படித்தது அந்தப் பழைய கலாசாலையில்தான். கருவிகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். பார்த்துப் படம் வரைந்தோம், தொட்டதில்லை. செய்முறைத் தேர்வில்தான் முதல் தடவையாக ஒரு தராசு கைக்கு வந்தது. அதை எப்படிச் சமன்செய்வது என்று தெரியவில்லை. தேறாமல் திரும்பினேன்.

செல்வமலர் அங்கேதான் போனாள். முதல் கடிதத்திலேயே அலமாரியைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்றாம் ஆண்டு தேறாமல் திரும்பிவந்தாள். துறைமுகத்திலிருந்து வரும் வழியில் அவர் என்னிடம், "பரவாயில்லை, அண்ணை. இனிக் கேக்கிறதுக்கு வீட்டிலையே ஓராள் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பின் அவர் நோட்டைத் திறந்து நான் பார்க்கவில்லை.

சென்ற வாரம் செல்வமலர் அதை என்னிடம் கொண்டுவந்தாள். எழுத உதவும் என்றாள். பழைய கலாசாலையின் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. மை பழுத்திருந்தது, காவல் நிலையத்தில் என் முன் நீட்டியபோதே அது அங்கே இருந்திருக்க வேண்டும். எப்படி அறிந்தார் என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு எதிரே ஒரு வரி இருந்தது. எனக்கு எதிரே வெறுமை. அதன் கீழே, பின்னாளில் பென்சிலால் எழுதியது:

"கேட்டேன். தெரியாது என்றார். குறை இருந்தால் சொல்லியிருப்பார்."

என் மௌனத்தை நம்பித்தான் மகளைக் கப்பலேற்றினார். கடைசிப் பெயர் செல்வமலருடையது. அவளுக்கு எதிரே எழுத அவருக்கு மனம் வரவில்லை போலும்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வைச்சிருங்கோ, மாமா. இன்னும் ஆரும் வந்து கேப்பினம்" என்றாள். அவள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டுதான். நேற்று என் பெயருக்கு எதிரே எழுதினேன்: "கருவிகள் பூட்டியிருந்தன. தேறவில்லை."